டெண்டரில் மாமாவின் விலையைக் கேட்டுக்கொள்ளலாமா?

பினாங்கில் ஓர் அரசுக் கட்டடத்தின் துப்புரவு டெண்டருக்கு நீங்களும் உங்கள் மாமாவும் தனித்தனி கம்பெனியாகப் போடுகிறீர்கள், விலையைச் சொல்லிக்கொண்டால் தப்பா என்று கேட்கிறீர்கள்.

தப்புதான். பேசிவைத்து விலை போடுவதை மலேசியாவின் 2010 போட்டிச் சட்டம், 4ஆவது பிரிவு தடை செய்கிறது. அபராதம் உலக அளவிலான விற்றுமுதலில் 10 விழுக்காடு வரை போகலாம். காசு கொடுத்து ஒருவரை விலகச் சொன்னால் அது 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. மாமா, மச்சான் என்று அங்கே சலுகை கிடையாது.

அலுவலகத்தில் ரகசியத்தை ஓரளவு நன்றாகவே காக்கிறார்கள். டெண்டர் பெட்டி வழக்கமாக மதியம் 12 மணிக்கு மூடப்படும். ஒருமுறை லிஃப்டுக்குக் காத்திருந்து 12.04க்குப் போய் நின்றேன்; அங்கிருந்தவர்கள் என் உறையைக் கையால்கூட தொடவில்லை. அன்று எரிச்சல், இன்று அது சரி என்றே படுகிறது. திறந்தபின் ஒட்டும் விலைப் பட்டியலில் கம்பெனி பெயருக்குப் பதில் குறியீட்டு எண்தான் இருக்கும். தொழில்நுட்பத்தையும் விலையையும் தனித்தனியாக மதிப்பிடுவார்கள்.

கசிவு பெரும்பாலும் கோப்பிக் கடை மேசையில்தான். சந்தேகம் இருந்தால் விளக்கக் கூட்டத்திலேயே எல்லார் முன்னும் கேளுங்கள்.