ஈரத்தில் பேச்சிழந்த கீபோர்டு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஆலயப் பாடகர் குழுவின் 61 கட்டை கீபோர்டின் மேல், நவம்பர் மழையில் கூரை ஒழுகி இரவெல்லாம் நீர் சொட்டியிருக்கிறது. துடைத்து, ஒரு வாரம் காயவைத்த பிறகே மின்சாரம் கொடுத்தோம். திரை எரிகிறது, ஆனால் நடுப்பகுதியில் சில கட்டைகள் ஒலிக்கவே இல்லை, வேறு சில மெல்லத் தொட்டாலும் அலறுகின்றன. சமவெளிக் கடை ஒன்றில், “இதைப் பழுது பார்ப்பது வீண், புதிது வாங்குங்கள்” என்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகி, கோத்தகிரி

பதில்: புதிது வாங்க வேண்டாம், முதலில் திறந்து சுத்தம் செய்யுங்கள். திரை எரிவதும் மற்றக் கட்டைகள் ஒழுங்காக ஒலிப்பதும் முக்கியமான மின்பலகை பிழைத்திருப்பதையே காட்டுகின்றன. ஒரு வாரம் பொறுத்த பிறகு மின்சாரம் கொடுத்தீர்கள் அல்லவா, அந்தப் பொறுமைதான் அதைக் காப்பாற்றியிருக்க வேண்டும். ஈரம் இருக்கும்போதே மின்சாரம் பாய்ந்தால், பலகையிலுள்ள மெல்லிய செம்புக் கோடுகள் பச்சை பூத்து அரித்துப்போகும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

கட்டைகள் அலறுவதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ் உண்டு. அதன் உட்புறத்தில் மிளகளவுக்குக் கறுப்பாக இரண்டு கரிப் பொட்டுகள் இருக்கும். கட்டையை அழுத்தும்போது முதல் பொட்டு பலகையைத் தொடும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இரண்டாவதும் தொடும். இந்த இரு தொடுகைகளுக்கும் இடையிலுள்ள நேரத்தை அளந்துதான், விரல் எவ்வளவு வேகமாக இறங்கியது, ஒலி எவ்வளவு உரக்க வரவேண்டும் என்பதைக் கருவி முடிவுசெய்கிறது. முதல் பொட்டின் மேல் அழுக்கு படிந்து, அது தாமதமாகத் தொட்டால், இரண்டும் ஒரே நேரத்தில் தொட்டதைப் போலத் தோன்றும். முழு பலத்தோடு அடித்ததாக எண்ணி கீபோர்டு அலறிவிடும். பொட்டுகள் பலகையைத் தொடவே முடியாவிட்டால் மௌனம். கூரையிலிருந்து வந்த நீர் தூசியையும் கரியையும் சுமந்து இறங்கியிருக்கும். நீர் காய்ந்தாலும் அந்தப் படலம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அடாப்டரைப் பிடுங்கி, பேட்டரிகளையும் கழற்றிவிட்டு, கீபோர்டை மெத்தென்ற துணியின் மேல் கவிழ்த்து வையுங்கள். (வீட்டு மின்சாரம் நேரடியாக உள்ளே செல்லும் பெரிய மாடல்களை வீட்டில் திறக்கவே கூடாது, நான் சொல்வதெல்லாம் அடாப்டரில் இயங்குபவற்றுக்கு மட்டுமே.) ஸ்க்ரூக்களை எடுக்குமுன் அடிப்பகுதியை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூக்கள் ஒரே நீளமாக இருப்பதில்லை, குட்டை ஸ்க்ரூ இருந்த துளையில் நெட்டை ஸ்க்ரூவை முடுக்கினால் பிளாஸ்டிக் பிளந்துவிடும். இரு பாதிகளையும் இணைக்கும் ரிப்பன் கேபிளை இழுக்காதீர்கள். அது செருகியிருக்கும் இடத்தில் சிறு பூட்டு இருந்தால், அதை நகத்தால் விடுவித்த பிறகே கேபிளை எடுங்கள்.

அந்தக் குமிழ்கள் வரிசையாக அமைந்த ரப்பர் பட்டைகளை அவை இருந்த வரிசையிலேயே கழற்றி, மிதமான சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, நல்ல நீரில் மீண்டும் அலசி, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் நிழலில் உலர்த்துங்கள். கரிப் பொட்டுகளைச் சுரண்டவோ அழுத்தித் தேய்க்கவோ கூடாது. பலகையிலுள்ள கரிக் கோடுகளுக்கு, மின்னணுப் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சு உதிராத துணியில் சிறிதளவு நனைத்து, மெல்லத் துடைத்தாலே போதும். எல்லார் வீட்டிலும் இருக்கிறதே என்று கை சானிடைசரைத் தொட்டுவிடாதீர்கள். அதிலுள்ள நீரும் கிளிசரினும் புதிதாக ஒரு படலத்தையே உண்டாக்கிவிடும். தின்னரும் பெட்ரோலும் கட்டைகளின் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். உப்புத்தாள் பலகையின் கரிக் கோடுகளையே நிரந்தரமாக அகற்றிவிடும். பட்டைகளைத் திரும்பப் பொருத்தும்போது, அவற்றின் சிறு காம்புகள் பலகைத் துளைகளுக்குள் முழுமையாக இறங்கினவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு காம்பு தூக்கிக்கொண்டு நின்றாலும் அந்தக் கட்டை தடுமாறும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில கட்டைகள் பேசவில்லை என்றால், அவை எந்த வரிசையில் ஊமையாக உள்ளன என்று எழுதிவையுங்கள். ஒரே சீரான இடைவெளியில், எடுத்துக்காட்டாக எட்டுக்கு ஒன்றாக, ஒலிக்காமல் இருந்தால், குறை ரப்பரில் இல்லை. பலகையின் ஒரு கோட்டிலோ டயோடிலோ ரிப்பன் கேபிளிலோ இருக்கிறது. சால்டரிங் தெரிந்த ஒருவரிடம் அந்தத் தாளோடு கொடுத்தால், அவருக்குத் தேடும் வேலை பெருமளவு குறையும்.

கேள்வி: இடி இடித்த அன்று கீபோர்டின் அடாப்டர் கருகிவிட்டது. கடையில் 12 வோல்ட் அடாப்டர் ஒன்று தருகிறார்கள். பின் சரியாகப் பொருந்துகிறது. பயன்படுத்தலாமா?
— வாசகர், குன்னூர்

பதில்: பின் பொருந்துவதை மட்டும் நம்ப வேண்டாம். கீபோர்டின் பின்புறத்தில், செருகுமிடத்துக்கு அருகே, வோல்ட் அளவும், நடுமுனை நேரா (+) எதிரா (–) என்பதைக் காட்டும் சிறு வட்டக் குறியும் அச்சிடப்பட்டிருக்கும். 12 வோல்ட்டில் இயங்கும் யமஹா மாடல்கள் பலவற்றில் நடுமுனை நேர். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றிலோ 9 வோல்ட், நடுமுனை எதிர். ஒன்றின் அடாப்டரை மற்றொன்றில் செருகினால் உள்ளே சேதம் நேரலாம். வோல்ட்டும் முனையும் அச்சாகப் பொருந்த வேண்டும். ஆம்பியர் மட்டும் குறிப்பிட்டதைவிடக் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. இடி கேட்கத் தொடங்கியதும் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவதே உறுதியான பாதுகாப்பு. சுவிட்சை அணைப்பது போதாது.

கேள்வி: ஜூன் முதல் கீபோர்டைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைக்கிறோம், ஆனாலும் பூஞ்சை வாடை அடிக்கிறது. கச்சேரிக்காக அவ்வப்போது கோயம்புத்தூருக்கும் எடுத்துச் செல்கிறோம். எப்படிப் பாதுகாப்பது?
— மெல்லிசைக் குழுவினர், உதகை

பதில்: பிளாஸ்டிக் உறை வெளி ஈரத்தைத் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் சுற்றும்போதே உள்ளே இருக்கும் ஈரக் காற்றையும் அது சிறைப்பிடித்துவிடுகிறது. அன்றாடம் வாசிப்பவர்கள் பருத்தித் துணியால் மூடினால் போதும். வாரக்கணக்கில் எடுத்துவைப்பவர்கள், வெயில் விழுந்த உலர்ந்த நாளொன்றில் பெட்டிக்குள் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் அடங்கிய பைகளையும் போட்டு மூடுங்கள். ஆரஞ்சு நிற மணிகள் பச்சையானால் அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்று பொருள். ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸில் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருப்பதால் அவற்றைச் சமையல் பாத்திரத்தில் சூடாக்க வேண்டாம். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் மாவும் தூசியும் கட்டைகளுக்கிடையே புகுந்துவிடும். மூடுபனி நாட்களில் மின்விசிறி மட்டும் பயன் தராது, ஏனெனில் அது வீசுவதும் ஈரக் காற்றையேதான். அறையைச் சற்று வெப்பமாக்க வேண்டும். அதற்காக அடுப்பருகே வைத்துவிடாதீர்கள், புகைக்கரி உள்ளே போய்விடும்.

பேட்டரிகளை உள்ளேயே விட்டுவைக்கக் கூடாது. அவை கசிந்து கம்பிச்சுருள்கள் அரித்துப்போவதை நிறையவே பார்க்கிறோம். அல்கலைன் பேட்டரி கசிந்திருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

கோயம்புத்தூர் பயணத்தில் ஒன்றைக் கவனியுங்கள். உதகைக் குளிரில் இரவெல்லாம் இருந்த கருவியை, மேட்டுப்பாளையம் தாண்டிய வெப்பக் காற்றில் உடனே திறந்தால், குளிர்ந்த பலகையின் மேல் நீர்த்துளிகள் பூக்கும். அரங்கை அடைந்த பிறகும் ஒரு மணி நேரமாவது பையைத் திறக்காமல் வையுங்கள். கருவி அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகு வெளியே எடுத்து, அதன் பின்னரே அடாப்டரைச் செருகுங்கள்.