ஏலக்காய்க் காப்சூலுக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: ஏலக்காய் காப்சூல் ஒரு பாட்டில் வாங்கினேன். "கிருமிகளை அழிக்கும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று அட்டையில் போட்டிருக்கிறது. சளி, தொண்டை வலி வந்தால் ஆன்டிபயாடிக் வேண்டாம், இதுவே போதும் என்கிறார் விற்றவர். நம்பலாமா?
வாசகி, திருப்பூர்

பதில்: ஆய்வுகள் நடந்தது உண்மை. அவற்றை வைத்து அவர் உங்களிடம் சொன்னது தவறு.

ஏலக்காய் விதைக்குள் இருக்கும் எண்ணெயில் சினியோல், டெர்பினைல் அசிடேட் என்று இரண்டு பொருட்கள்தான் பெரும்பங்கு. சினியோல் யூகலிப்டஸ் தைலத்திலும் முதன்மையான பொருள். ஏலக்காயைக் கடித்ததும் மூக்கு வரை ஏறும் குளிர்ச்சி அதனால்தான். இந்த எண்ணெய்ப் பொருட்கள் பாக்டீரியாவின் செல் சவ்வைக் குலைக்கின்றன. வெளிப்புறமாக இன்னொரு சவ்வும் உள்ள கிராம்-நெகட்டிவ் வகைக் கிருமிகள் பொதுவாக இதற்கு அவ்வளவு சுலபமாக மசிவதில்லை.

ஹரியானாவின் குருக்ஷேத்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், பச்சை ஏலக்காய், பெரிய ஏலக்காய் இரண்டின் சாற்றையும் பல் சொத்தையோடு தொடர்புள்ள கிருமிகள் மேல் சோதித்தார்கள். அசிட்டோன், ஆல்கஹால் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து எடுத்த சாறு அது. பலன் தெரிந்தது. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்திலிருந்து 2020-ல் வந்த ஆய்வு ஈறு நோய்க் கிருமிகளைப் பற்றியது. அதிலும் ஏலக்காய்ச் சாறு அவற்றின் வளர்ச்சியைத் தடுத்தது, அழற்சியையும் குறைத்தது.

இரண்டுமே பரிசோதனைக்கூடத்தில் செய்தவை. அங்கே செறிவான சாறும் கிருமியும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. நீங்கள் விழுங்கும் காப்சூல் வயிற்றில் கரைந்து, குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உடைபட்டு, மிச்சம் ரத்தத்தில் கலக்கிறது. தொண்டைக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்பதை அந்த ஆய்வுகள் அளக்கவில்லை. அது அவற்றின் நோக்கமும் இல்லை. இரண்டு ஆய்வுகளும் வாயைச் சுற்றியே நடந்திருப்பதைக் கவனியுங்கள். சாறு நேரடியாகப் படக்கூடிய இடம் வாய்தான். நாளைக்கு ஏலக்காய்ச் சாறு கலந்த நல்ல வாய் கொப்பளிக்கும் மருந்து ஒன்று வந்தால் நான் சந்தோஷப்படுவேன். அந்தத் திசையில்தான் இந்த ஆராய்ச்சிக்கு எதிர்காலம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சளியும் தொண்டை வலியும் பெரும்பாலும் வைரஸால் வருபவை. அவற்றுக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது, தானாகவே சரியாகிவிடும். காப்சூல் சாப்பிட்டால் அந்தப் பெயரைக் காப்சூல் வாங்கிக்கொள்ளும். ஆனால் மருத்துவர் பார்த்து, இது பாக்டீரியாத் தொற்று என்று ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தால் அதைக் கட்டாயம் முழுதாகச் சாப்பிடுங்கள். அதற்குப் பதில் ஏலக்காய் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம். தினமும் ஏலக்காய் டீ குடித்தால் குறையும் என்று வாட்ஸப்பில் வந்தது. அதில் ஏதோ இந்திய ஆய்வு என்றும் இருந்தது.
வாசகர், விருதுநகர்

பதில்: அது உதய்ப்பூரில் நடந்து, 2009-ல் வெளியான ஆய்வாக இருக்க வேண்டும். ஆரம்ப நிலை ரத்த அழுத்தம் உள்ள 20 பேருக்குத் தினமும் 3 கிராம் ஏலக்காய்த் தூளை இரு வேளையாகப் பிரித்து 12 வாரம் கொடுத்தார்கள். அழுத்தம் குறைந்தது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் தன்மை கூடியது. நல்ல தொடக்கம்தான், ஆனால் 20 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை.

அதற்குப் பிறகு ஈரானில் இதைவிடப் பெரிய ஆய்வுகள் நடந்தன. டைப் 2 சர்க்கரை நோயாளிகள் 80 சொச்சம் பேருக்கு 10 வாரம், கொழுப்புக் கல்லீரல் உள்ள 87 பேருக்கு மூன்று மாதம் என்று கொடுத்து, ஒரு பாதிப் பேருக்கு ஏலக்காயும் மறு பாதிக்கு வெறும் காப்சூலும் தந்து ஒப்பிட்டார்கள். சர்க்கரை அளவிலும் அழற்சி அளவிலும் முன்னேற்றம் தெரிந்தது. அவற்றிலும் அளவு தினம் 3 கிராம்தான்.

இந்த 3 கிராமை அப்பாவின் டீயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். காயின் பருமனைப் பொறுத்து, ஏறத்தாழ 12 முதல் 15 காய் வரும். ஒரு டம்ளர் டீக்கு ஒரு காய், விருந்தாளி வந்தால் இரண்டு காய் தட்டிப் போடுகிறோம். அதையும் வடிகட்டிச் சக்கையைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆய்வில் தூளை முழுதாக விழுங்கினார்கள். ஆகவே டீ குடிப்பதை அந்த ஆய்வு ஆதரிக்கிறது என்று சொல்ல வழியில்லை. கூடவே சர்க்கரை போட்டு நாலு டம்ளர் குடித்தால் அப்பாவுக்கு நல்லதைவிடக் கெட்டதுதான் அதிகம்.

டீ பிடித்திருந்தால் குடிக்கட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பித்தப்பையில் கல் இருப்பவர்களும் தூளாகவோ காப்சூலாகவோ தினம் கிராம் கணக்கில் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்பது அவசியம்.

வயிற்றுப் பொருமலுக்கு ஏலக்காய் என்பது வேறு விஷயம். ஜெர்மனியில் மூலிகைகளை மதிப்பிட அரசு அமைத்த கமிஷன் ஈ, செரிமானக் கோளாறுக்கு ஏலக்காய் விதையை ஏற்றுக்கொண்டது. அவர்கள் சொன்ன சராசரி அளவு தினம் 1.5 கிராம். பித்தப்பைக் கல் எச்சரிக்கையும் அவர்களுடையதே.

கேள்வி: மருந்தோ சமையலோ, நல்ல ஏலக்காயைப் பார்த்து வாங்குவது எப்படி? கடைக்காரர் 8 எம்.எம். காய்தான் உசத்தி என்கிறார். சில இடங்களில் கண்ணைப் பறிக்கும் பச்சையில் விற்கிறார்கள்.
வாசகி, போடிநாயக்கனூர் அருகில்

பதில்: ஏலக்காய் ஏலம் நடக்கும் ஊருக்குப் பக்கத்திலிருந்தே இந்தக் கேள்வி வருவதைப் பார்க்கையில், மற்ற ஊர்க்காரர்களின் குழப்பம் புரிகிறது.

மணமும் குணமும் விதையில் இருக்கின்றன, தோலில் எண்ணெய் மிகக் குறைவு. பருமனும் பச்சை நிறமும் விலையைக் கூட்டுகின்றன, ஏனென்றால் ஏற்றுமதியிலும் கடைத்தட்டிலும் கண்ணுக்குத்தான் முதல் மரியாதை. 8 எம்.எம். காய் நன்றாக விளைந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம், அதை மறுக்கவில்லை. ஆனால் விளைந்த 7 எம்.எம். காயும் பாயசத்துக்கு அதே வேலையைச் செய்யும். அன்பளிப்பாகக் கொடுக்க என்றால் பெரிய காய் வாங்குங்கள், வீட்டுக்கு நடுத்தரம் போதும்.

வாங்கும்போது ஒரு காயைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். விதை கருமையாக, லேசாகப் பிசுபிசுத்து, ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். வெளுத்து, உலர்ந்து, குலுக்கினால் கலகலவென்று சத்தம் போட்டால் அது விளையாத காய் அல்லது ரொம்ப நாள் கிடந்த காய். ஒரு விதையைக் கடித்துப் பாருங்கள். காரமும் குளிர்ச்சியும் உடனே வராவிட்டால் எண்ணெய் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் காயை நல்ல காயோடு கலந்து விற்கும் மோசடியும் உண்டு. சிலர் அதன் மேல் டால்கம் பவுடரைப் பூசுவார்கள், விரலால் தேய்த்தால் ஒட்டும்.

மலையில் 'ஸ்டோர்' என்று சொல்லும் உலர்த்தும் கூடத்தில் சூட்டில் காயவைப்பதால்தான் காய்க்கு அந்த மென்பச்சை தங்குகிறது. வெயிலில் காய்ந்தால் வெளுத்துவிடும். பளபளக்கும் பச்சையாக இருந்தால் நாலு காயைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் சட்டென்று பச்சைச் சாயம் இறங்கினால் அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீர்கள். ஏலக்காயில் செயற்கைச் சாயம் சேர்க்கச் சட்டத்தில் அனுமதி இல்லை.

விலை ஏறும் காலத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு வரத்து குறைந்து, 2019 ஆகஸ்டில் இடுக்கியின் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. இப்படி ஒரு விலை நிலவும்போது கலப்படக்காரருக்கு ஆசை வருவதில் வியப்பில்லை.

தூளாக வாங்காதீர்கள். பல பாக்கெட்டுகளில் சர்க்கரைதான் முதல் பொருள், பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். தூளாக்கிய பின் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். காயாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடுப்புக்குத் தள்ளி வைத்து, வேண்டும்போது கொஞ்சம் சர்க்கரையோடு இடித்துக்கொள்ளுங்கள். தோலை டீத்தூள் டப்பாவில் போடலாம். வெடித்த காய் விலை குறைவு. சில வாரங்களில் தீர்த்துவிடுவீர்கள் என்றால் அதுவே லாபம்.

கேள்வி: ஏலக்காயில் பூச்சிமருந்து அதிகம் என்கிறார்களே?
வாசகர், சேலம்

பதில்: ஏலச்செடிக்குத் தண்டுத்துளைப்பான், இலைப்பேன் தொல்லை அதிகம் என்பதால் தோட்டங்களில் நிறைய மருந்து அடிக்கிறார்கள். பயம் ஆதாரமற்றது அல்ல. சபரிமலை அரவணையில் சேர்த்த ஏலக்காயில் வரம்புக்கு மேல் பூச்சிமருந்து எச்சம் இருப்பதாகப் பரிசோதனை முடிவு வந்ததால், 2023 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தியது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பாயசத்தில் இரண்டு காய் போடுபவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை. ஆய்வைப் பார்த்துத் தினம் 15 காய் சாப்பிடத் தொடங்குபவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். அவர்கள் சான்றுள்ள இயற்கை விளைச்சலுக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் இருக்கிறது.

கேள்வி: கைக்குழந்தைக்குச் சளி. ஏலக்காய் எண்ணெய் நெஞ்சில் தடவலாமா?
வாசகி, கடலூர்

பதில்: வேண்டாம். அதில் உள்ள சினியோல், கைக்குழந்தைகளின் மூச்சைப் பாதிக்கக்கூடியது. மூக்குக்கு அருகே கொண்டுபோகவே கூடாது. குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் ஏலக்காய் மருந்து" என்று விளம்பரம் பார்த்துப் பணம் கட்டிவிட்டேன். என்ன செய்வது?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டு மந்திர மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டமே தடுக்கிறது. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரசீது, பாட்டில் அட்டை, பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். அட்டையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் விற்றவரிடம் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாட முடியும்.