போர்டும் நானும்: ஹோலோகாஸ்ட் நினைவு அமைப்பின் நிர்வாக அலுவலகம் பற்றிக் கேள்வி பதில்

பதினொரு வருடமாக அமெரிக்காவில் ஒரு ஹோலோகாஸ்ட் (நாஜி ஜெர்மனி நடத்திய யூதப் படுகொலை) நினைவு அமைப்பில் வேலை பார்க்கிறேன். தலைமை நிர்வாகியின் அலுவலகமும் போர்டு (அமைப்பை மேற்பார்க்கும் நிர்வாகக் குழு) சம்பந்தப்பட்ட எல்லாமும் என் பொறுப்பு. லாபநோக்கற்ற அமைப்புகளில் இருக்கும் நம்மவர்கள் சிலர் கேட்டதால் இன்று பதில் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அமைப்பின் பெயரை மட்டும் கேட்காதீர்கள்.

அக்கா, போர்டைக் கவனிப்பது என்றால் மீட்டிங்குக்குக் காபி ஏற்பாடு செய்வதா?

காபியும் உண்டு. சாப்பாடு கோஷரா, அதாவது யூத உணவு விதிப்படி செய்ததா, கேட்டரரிடம் அதற்கான சான்றிதழ் இருக்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் என் வேலையை ஒரே வரியில் கேட்டால் இப்படிச் சொல்வேன்: எந்த உறுப்பினருக்கும் எந்த விஷயமும் கூட்டத்தில்தான் முதல்முதலாகத் தெரிய வரக் கூடாது. பட்ஜெட்டில் துண்டு விழுந்தாலும் சரி, கண்காட்சி ஆறு மாதம் தள்ளிப்போனாலும் சரி, முன்னாடியே காதில் போட்டிருக்க வேண்டும்.

கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு கோப்பு போய்விடும். அதற்கு அடுத்த நாளிலிருந்து போன். யார் எதிர்ப்பார்கள், யாருக்குப் புரியவில்லை, யார் படிக்கவே இல்லை (குறைந்தது நாலு பேர்) என்பதை ஒரு பக்கத்தில் எழுதித் தலைவரிடம் கொடுப்பேன். அந்த ஒரு பக்கம்தான் எனக்குச் சம்பளம் வாங்கித் தருகிறது என்று நினைக்கிறேன்.

கூட்டத் தேதி முடிவு செய்வது அவ்வளவு கஷ்டமா? எல்லா இடத்திலும் உள்ளதுதானே?

இங்கே கொஞ்சம் கூடுதல். வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களின் ஓய்வு நாள், மெயில்கூட அனுப்பமாட்டோம். செப்டம்பர், அக்டோபரில் ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர், சுக்கோத் என்று வரிசையாக யூதப் பண்டிகை. வசந்தத்தில் பஸ்கா. அப்புறம் எங்கள் நினைவு நாட்கள். ஜனவரி 27, ஆஷ்விட்ஸ் என்ற நாஜி வதைமுகாம் 1945இல் விடுவிக்கப்பட்ட நாள். அதை 2005இல் ஐ.நா. சர்வதேச நினைவு நாளாக அறிவித்தது. இஸ்ரேல் குறித்த நினைவு நாளான யோம் ஹஷோவா எபிரேய நாட்காட்டிப்படி நிசான் மாதம் 27ஐ ஒட்டி வருவதால், ஆங்கிலத் தேதி ஏப்ரலுக்கும் மே மாதத்துக்கும் இடையில் நகர்ந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் பஞ்சாங்கம் பார்த்து முகூர்த்தம் குறித்த பழக்கம் எனக்கு இங்கே கைகொடுத்தது.

ஆனாலும் முதல் வருடமே சறுக்கினேன். தணிக்கைக் குழுக் கூட்டத்தைச் சுக்கோத் முதல் நாளில் வைத்துவிட்டேன். குழுத் தலைவர் திட்டவில்லை. "அன்றைக்கு நான் மட்டுமல்ல, கோரமும் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை) இருக்காது" என்று ஒரு வரி மெயில் அனுப்பினார். அன்றிலிருந்து மூன்று வருட எபிரேய நாட்காட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

போர்டு உறுப்பினர்களை யார் நியமிக்கிறார்கள்? அரசாங்கமா?

பெரும்பாலும் இருக்கும் போர்டே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும். பெரிய விதிவிலக்கு வாஷிங்டனில் உள்ள ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம். 1980இல் காங்கிரஸ் சட்டம் போட்டு உருவாக்கிய கவுன்சில்தான் அதன் நிர்வாகக் குழு. குடியரசுத் தலைவர் நியமிக்கும் 55 பேர், காங்கிரஸிலிருந்து 10 பேர், அரசுத் துறைகள் சார்பில் 3 பேர். முந்தைய ஆட்சியில் நியமிக்கப்பட்ட சிலரை 2025 ஏப்ரலில் வெள்ளை மாளிகை நீக்கியது நினைவிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் போர்டைக் கவனிப்பது வேறு கலை. எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

உயிர் பிழைத்தவர்களே போர்டில் இருக்கும்போது மற்ற போர்டுகளிலிருந்து என்ன வித்தியாசம்?

இதைத்தான் யாராவது கேட்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் போர்டில் தொண்ணூறு தாண்டிய ஒரு அம்மா இருந்தார். ஒருமுறை நிதி அறிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது கையைத் தூக்கி, "இரண்டு நிமிஷம் பேசட்டுமா?" என்றார். இருபது நிமிஷம் பேசினார். தன் தம்பியைப் பற்றி. பொருளாளர் கையில் பேனாவைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நானோ, வெட்கத்தோடு சொல்கிறேன், கடிகாரத்தைப் பார்த்தேன். அன்று பட்ஜெட் நிறைவேறவில்லை; அடுத்த வாரம் தொலைபேசியில் கூடி முடித்தோம்.

அதற்குப் பிறகு நிகழ்ச்சி நிரலையே மாற்றினேன். கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் அவர்களுக்கு. எந்தத் தீர்மானமும் அதில் வராது. வழக்கமான அறிக்கைகளை எல்லாம் மொத்தமாக ஒரே ஓட்டில் முடித்து அந்த நேரத்தை மிச்சம் பிடித்தோம். கோப்பில் எழுத்து 16 புள்ளி. முக்கியமான பக்கங்களை நானே போனில் வாசித்துக் காட்டுவேன்.

பிழைத்தவர்களுக்கு இழப்பீடு பெற்றுத் தரும் க்ளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸ் என்ற அமைப்பு 2024 ஜனவரியில் வெளியிட்ட கணக்குப்படி உலகில் சுமார் 2,45,000 யூதர்கள் அந்தப் படுகொலையிலிருந்து பிழைத்து இருந்தார்கள். அவர்களின் இடைநிலை வயது 86. ஆகவே நாற்காலிகள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. பதவிக்கால வரம்பை ஒரு முதியவர்மேல் பிரயோகிக்க யாருக்கும் மனசு வராது. வாக்குரிமை இல்லாத கௌரவ உறுப்பினர் இடத்தை விதிகளிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆள் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது எழுதாதீர்கள்.

ஒரு உறுப்பினர் கண்காட்சி வாசகத்தை மாற்றச் சொல்லி ஊழியர்களை நேரடியாகக் கூப்பிடுகிறார். என்ன செய்வது?

வாசகம் வரலாற்றாசிரியர்களின் வேலை. உறுப்பினரிடம் "எழுதிக் கொடுங்கள், ஆய்வுப் பிரிவு ஆதாரத்தோடு பதில் தரும்" என்று சொல்லுங்கள். பதிலைத் தேதி சொல்லிக் கொடுத்தும் விடுங்கள். தாமதித்தால் மறுபடி நேரே கூப்பிடுவார், அப்போது தப்பு உங்கள் பக்கம்.

தலைவர் பேசும் உரைகளை நீங்களா எழுதுகிறீர்கள்?

முதல் வரைவு நான். ஆனால் ஒவ்வொரு எண்ணும் ஆவணக் காப்பாளர் கைக்குப் போய்த்தான் வரும். ஆஷ்விட்ஸ் நினைவிடப் பலகைகளில் 1990 வரை நாற்பது லட்சம் பேர் என்று இருந்தது. ஆய்வாளர்கள் நிறுவியது சுமார் 11 லட்சம். அதில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். சோவியத் காலத்து எண்ணைத் திருத்தியதையே, "பார், குறைத்துவிட்டார்கள்" என்று, படுகொலையே நடக்கவில்லை என்று சொல்லும் மறுப்பாளர்கள் இன்றும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தலைவர் மேடையில் ஒரு பூஜ்யம் பிசகினால் என்ன ஆகும் யோசியுங்கள்.

"போலந்து வதைமுகாம்" என்று எழுதினாலும் அன்றே தொலைபேசி அடிக்கும். அது ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் நாஜி ஜெர்மனி நடத்திய முகாம். யுனெஸ்கோவே 2007இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஆஷ்விட்ஸின் பெயரில் 'ஜெர்மன் நாஜி' என்று சேர்த்தது.

கூட்டக் குறிப்பில் எவ்வளவு எழுதலாம்? நான் எல்லாரும் பேசியதையும் எழுதுகிறேன்.

நிறுத்துங்கள். தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஓட்டு, நலன் முரண்பாடு காரணமாக வெளியேறியவர், எந்த ஆவணத்தைப் பார்த்து முடிவு எடுத்தார்கள். போதும். குறிப்பு அவ்வப்போது எழுதப்படுகிறதா என்று லாபநோக்கற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் அமெரிக்க வருமான வரித் துறைக்குத் தரும் படிவம் 990 கேட்கிறது. அந்தப் படிவமே பொது ஆவணம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊழியர்கள் இல்லாத தனி அமர்வு என்றால் நானும் வெளியே போய்விடுவேன், போர்டின் செயலாளர் எழுதுவார்.

தலைமை நிர்வாகியின் சம்பளத்தில் நீங்கள் தலையிடுவீர்களா?

இல்லை. அவர் என் முதலாளி! சொந்த நலன் இல்லாத உறுப்பினர்கள், இதே அளவு அமைப்புகளின் சம்பள ஒப்பீட்டைப் பார்த்து முடிவு செய்து, உடனே எழுதி வைக்க வேண்டும். ஒப்பீட்டைத் தேடிக் கொடுப்பதையும் வெளி ஆலோசகரிடம் விட்டுவிடுங்கள்.

நல்ல காரியத்துக்காகச் சேர்ந்தவர்கள்தானே, நிதிக் கண்காணிப்பு இவ்வளவு கறாராக வேண்டுமா?

நல்ல காரியம் என்பதால்தான் வேண்டும். ஆஷ்விட்ஸில் இருந்து பிழைத்த எழுத்தாளர் எலி வீசலின் அறக்கட்டளை, 2008இல் அம்பலமான மேடாஃப் முதலீட்டு மோசடியில் 1.52 கோடி டாலர் இழந்தது. கிட்டத்தட்ட இருந்த சொத்து முழுவதும். க்ளெய்ம்ஸ் கான்ஃபரன்ஸில் உள்ளே இருந்தவர்களே பொய் விண்ணப்பங்களை நுழைத்துச் சுமார் 5.7 கோடி டாலர் சுருட்டியது 2009இல்தான் பிடிபட்டது. 2001இலேயே பெயரில்லாத ஒரு கடிதம் வந்திருந்தது. விசாரித்தார்கள், பிடிபடவில்லை.

அந்தக் கடிதம் என்னைத் தூங்கவிடாத விஷயம். ஏனென்றால் அப்படிப்பட்ட கடிதம் முதலில் வந்து விழுவது என்னைப் போன்றவர் மேசையில்தான். எங்களிடம் இப்போது உள்ள விதி: பெயரில்லாப் புகார் வந்த அன்றே, தலைமை நிர்வாகி வழியாகப் போகாமல், தணிக்கைக் குழுத் தலைவருக்கும் வெளி வழக்கறிஞருக்கும் நகல் போக வேண்டும். உறையையும் சேர்த்து வைக்கிறோம்.

அடுத்த மாதம் இதே மாதிரி வேலையில் சேர்கிறேன். முதல் வாரம் என்ன செய்ய?

வாழ்த்துகள் தம்பி. அமைப்பின் விதிகள், கடைசி மூன்று வருடக் கூட்டக் குறிப்புகள், தணிக்கையாளர் நிர்வாகத்துக்கு எழுதிய கடிதம். இந்த வரிசையில் படியுங்கள். குறிப்புகளில் 'அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்' என்று விட்டு, அடுத்த கூட்டத்தில் வராமலே போனவற்றைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் வாரத்தில் அப்படி ஒன்பது கிடைத்தன. இரண்டு இன்னும் பாக்கி.