முழங்கால் மாற்று அறுவைக்கு முன் மெத்தோட்ரெக்ஸேட், வைசலோன், அடாலிமுமாப் மூன்றையும் நிறுத்தினால்தான் புண் ஆறுமா?

இல்லை, மூன்றையும் நிறுத்த வேண்டியதில்லை; அடாலிமுமாப்பை மட்டும் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். முடக்குவாதத்துக்கு இவற்றை எடுப்பவர்கள் பெரும்பாலும் பயந்து முதலில் கைவிடுவது மெத்தோட்ரெக்ஸேட்டைத்தான். புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து என்பதால் வரும் பயம் அது. வாரம் ஒருமுறை எடுக்கும் மூட்டுவாத அளவில் அது தையலைக் கெடுப்பதில்லை. நிறுத்தினால் மற்ற மூட்டுகள் வீங்கி, பிசியோதெரபிக்கு எழுந்து நிற்கவே முடியாமல் போகும். சிறுநீரகம் தளர்ந்தாலோ தொற்று வந்தாலோ மட்டும் மருத்துவர் இடைநிறுத்துவார்.

புண்ணுக்கு உண்மையான எதிரி ஸ்டீராய்டுதான், அதாவது வைசலோன் (மருந்தின் பெயர் பிரெட்னிசோலோன்). வெட்டிய இடத்துக்கு முதலில் வெள்ளணுக்கள் வந்து சுத்தம் செய்ய வேண்டும். பிறகு நார்ச்செல்கள் கொலாஜன் இழைகளைப் பின்ன வேண்டும். இரண்டையுமே அது மந்தமாக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும். பிரெட்னிசோலோன் தினம் 10 மி.கி.க்கு மேல் போகும்போதுதான் கவலை அதிகம். அவசரமில்லாத அறுவை என்றால் தேதி குறிக்கும் முன்பே ருமட்டாலஜிஸ்டிடம் (வாதநோய் மருத்துவர்) போய்ப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால், உடம்பின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, மாத்திரையால் மாதக்கணக்கில் தூங்கிப்போயிருப்பதால், கைகொடுக்காது. அறுவை மேசையிலேயே ரத்த அழுத்தம் விழலாம். அறுவை அன்று காலை மாத்திரையும் உண்டு. மயக்க மருத்துவரிடம் அளவைச் சொல்லிவிடுங்கள்.

அடாலிமுமாப் நோய் எதிர்ப்பைத் தணிக்கும் ஊசி, அதில் பயம் தொற்று பற்றியது. அமெரிக்க வாதநோய் மருத்துவர்களின் 2022 வழிகாட்டுதல்படி ஒரு தவணையை விட்டுவிட்டு அறுவை செய்ய வேண்டும். 1ஆம் தேதி ஊசி போட்டால் 15ஆம் தேதி ஊசி வேண்டாம். அதற்கடுத்த வாரத்தில் அறுவை. தையலோ கிளிப்போ எடுத்து, கசிவு, வீக்கம், சிவப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே மறுபடி தொடங்குவார்கள். வழக்கமாகச் சுமார் 14 நாள். முடக்குவாதத்துக்கே கொடுக்கும் டோஃபாசிடினிப் மாத்திரை என்றால் 3 நாள் முன்பே நிறுத்தினால் போதும்.

சிறுநீரக மாற்று செய்துகொண்டு, உடம்பு அதை நிராகரிக்காமல் இருக்க சிரோலிமஸ் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நார்ச்செல் பெருகுவதையும் புது ரத்தக்குழாய் முளைப்பதையும் நேரடியாகத் தடுக்கும். தையல் பிரிவது, நிணநீர் தேங்குவது, வயிற்றில் அறுவை என்றால் பின்னாளில் தழும்பில் குடலிறக்கம் எல்லாம் வரலாம். உடம்பில் பாதி குறையவே ஏறக்குறைய 60 மணி நேரம் ஆவதால் முந்தின நாள் நிறுத்திப் பயனில்லை. சில வாரம் முன்னரே அதே வேலையைச் செய்யும் டாக்ரோலிமஸுக்கு மாற்றுவதுதான் வழக்கம்.

வீடு திரும்பியதும் காய்ச்சல் வரட்டும் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையும் சிவப்பையும் மறைத்துவிடும். மாற்றிய கட்டு மறுபடி ஈரமானால் அன்றைக்கே காட்டுங்கள். தோல் மெலிந்திருக்கும், பிளாஸ்திரியை வெடுக்கென்று இழுத்தால் தோலும் சேர்ந்து உரியும். நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்து மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.