கேள்வி நேரம்: டாக்டரிடம் எதைச் சொல்வது, எப்படிக் கேட்பது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 62. நெடுநாள் சர்க்கரை நோயாளி. ஓர் இரவு மேல்வயிற்றில் அழுத்தமாக இருக்கிறது, வியர்க்கிறது என்றார். மருத்துவமனையில் நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் ‘கேஸ்தான்’ என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறோர் இடத்தில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து மாரடைப்பு என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். ஒரு டாக்டர் இப்படியும் முடிவெடுப்பாரா?
வாசகி, பெரம்பூர்

பதில்: அப்பா நலமாக இருப்பது பெரிய ஆறுதல். முதல் இரவே ஈ.சி.ஜி. எடுத்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நெடுநாள் சர்க்கரை நோயில் நரம்புகள் பாதிக்கப்படுவதால், மாரடைப்பின்போது நெஞ்சுவலி லேசாகவோ, அறவே இல்லாமலோ போகலாம். வியர்வை, மூச்சுத்திணறல், மேல்வயிற்று அழுத்தம் மட்டுமே தெரியலாம். இது மருத்துவ மாணவர்களும் அறிந்த பாடம். அப்படியிருந்தும் ஏன் தவறுகிறது?

மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகு யோசிக்கத் தொடங்குவதில்லை. நோயாளி உள்ளே நடந்து வரும் விதம், முகத்தின் வாட்டம், முதலில் சொல்லும் இரண்டொரு வார்த்தைகள் ஆகியவற்றை வைத்தே, இன்ன நோயாக இருக்கலாம் என்று மனம் ஊகித்துவிடும். அதன்பின் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் அந்த ஊகத்தை ஒட்டியே அமையும். அனுபவத்தில் வரும் இந்த வேகம் இல்லாவிட்டால் அவசர சிகிச்சைப் பிரிவை நடத்தவே முடியாது. ஆனால் முதல் ஊகம் பிசகிவிட்டால், அதற்கு ஒத்துவராத அறிகுறி கண்ணெதிரே இருந்தாலும் கருத்தில் பதிவதில்லை. வாயுத் தொல்லைக்கு ஏன் இப்படி வியர்க்க வேண்டும் என்ற கேள்வி அந்த மருத்துவருக்கு எழாமல் போனது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றும் இதில் சேர்ந்துகொள்கிறது. ‘என்ன பண்ணுது?’ என்று கேட்டால், எங்கே வலிக்கிறது, எப்போது தொடங்கியது என்று சொல்லாமல், ‘கேஸ் ட்ரபிள் டாக்டர்’, ‘சூடு பிடிச்சிருக்கு டாக்டர்’ என்று நோயையே நாம் முடிவுசெய்து சொல்லிவிடுகிறோம். கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் அது எளிதில் மருத்துவரின் முடிவாகவும் ஆகிவிடும். நீங்கள் அப்படிச் சொல்லியிருந்தாலும் பழி உங்களைச் சேராது. அதைத் தாண்டி விசாரிக்க வேண்டியது மருத்துவரின் கடமை.

அமெரிக்காவில் பெக்மன், ஃபிராங்கல் இருவரும் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுவது தெரியவந்தது. இங்கிலாந்தில் ஹாம்ப்டன் குழுவினர் 1975இல் வெளியிட்ட ஆய்வோ, புதிதாக வந்த 80 புறநோயாளிகளில் 66 பேருக்கு, அவர்களிடம் விசாரித்து அறிந்ததை வைத்துச் செய்த கணிப்பே இறுதி முடிவாகவும் அமைந்தது என்று காட்டியது. நோயைக் கண்டுபிடிக்க எது அதிகம் உதவுகிறதோ, அதையே நாங்கள் பாதியில் நிறுத்துகிறோம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே, நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். ‘பத்து மணிக்கு மாடி ஏறினார், அழுத்தம் தொடங்கியது, சட்டை நனைந்துவிட்டது, சர்க்கரை நோய் இருக்கிறது’ என்றால் போதும். பிறகு, ‘வேறு எதுவாகவாவது இருக்க வாய்ப்பு உண்டா டாக்டர்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி மருத்துவரைத் தம் முதல் ஊகத்தை மீண்டும் ஒருமுறை எடைபோட வைக்கும். மாரடைப்பின் தொடக்கத்தில் எடுக்கும் முதல் ஈ.சி.ஜி. இயல்பாகவே இருக்கக்கூடும் என்பதால், சந்தேகம் இருந்தால் மறுபடியும் எடுப்பதும், இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்வதும் வழக்கம்.

கேள்வி: டாக்டர் சொல்வது எதுவாக இருந்தாலும் என் மாமியார் ‘சரிங்க டாக்டர்’ என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் ஒன்றும் நினைவில் இல்லை. திரும்பக் கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?
வாசகி, குரோம்பேட்டை

பதில்: சிலர் முகம் சுளிக்கலாம், இருந்தாலும் கேளுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்கிறோம். நோயாளியும் தவறாமல், விடியற்காலை ஃபில்டர் காபியோடு விழுங்குகிறார். டிபன்தான் இன்னும் சாப்பிடவில்லையே என்பது அவர் எண்ணம். காபி மாத்திரையை உடலில் சரியாகச் சேரவிடாது. தைராய்டு குறைவைக் காட்டும் டி.எஸ்.எச். அளவு ரத்தத்தில் குறையாததைக் கண்டு மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். ‘காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்’ என்று அவர் ஒருமுறை கேட்டிருந்தால் விஷயம் வெளிப்பட்டிருக்கும். அவர் கேட்காவிட்டால் நீங்கள் தொடங்குங்கள்: ‘நான் புரிந்துகொண்டது சரியா, பாருங்கள் டாக்டர்’ என்று, மாத்திரை மாத்திரையாகத் திருப்பிச் சொல்லுங்கள். எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் 2019 முதல் நோயாளியிடம் பேசும் முறைக்கே தனிப் பயிற்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. அது வெறும் வகுப்புப் பாடமாக நின்றுவிடக் கூடாது என்பது என் விருப்பம்.

கேள்வி: ஆபரேஷனுக்கு முன்பு, எதையும் விளக்காமல் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்களே?
வாசகர், அம்பத்தூர்

பதில்: விளக்கம் கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, மாற்று வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் ஆகியவற்றைப் போதிய அளவு விளக்கிய பிறகே சம்மதம் பெற வேண்டும் என்று சமீரா கோலி என்ற நோயாளி தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2008இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசர நிலை மட்டுமே விதிவிலக்கு. நர்ஸ் படிவத்தைக் கொண்டுவந்தால், ‘டாக்டர் வந்து சொல்லட்டும், போடுகிறேன்’ என்று பணிவாகச் சொல்லிக் காத்திருங்கள்.