அந்தக் காபியை ஏன் வேண்டாம்னாங்க?

கேள்வி: எங்க வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு 45 வயசு, சுகர் வேற. நாலு மாசத்துல மூணு தடவை யூரின் இன்ஃபெக்‌ஷன், மூணு தடவையும் லீவு. காசு குடுத்து ஆஸ்பத்திரி போகச் சொன்னாலும் மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு வந்துடுறாங்க. குடும்பத்துல ஒருத்தி மாதிரிதான் வெச்சிருக்கோம், ஆனா காபி குடுத்தாக்கூட தொட மாட்டாங்க, அவ்ளோ ரோஷம். பெரும்பாக்கத்துலேருந்து வர்றாங்க. எப்படிப் புரிய வைக்கிறது? - மந்தைவெளி வாசகி

பதில்: ரோஷம்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. குடிச்சா ஒண்ணுக்கு வருமேம்மா, வந்தா எங்க போவாங்க? உங்க வீட்டு பாத்ரூமைக் கழுவுறது அவங்கதானே, அதுல என்னிக்காவது அவங்க போயிருக்காங்களா, போங்கக்கான்னு நீங்க சொல்லியிருக்கீங்களா?

சென்னை சிட்டிக்குள்ள குடிசையில இருந்தவங்களைக் காலி பண்ணி பெரும்பாக்கத்துல கொண்டுபோய் வெச்சாச்சு, வேலை மட்டும் இங்கேயே இருக்கு. 2021லேருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்ல, நல்லதுதான், ஆனா விடியறதுக்கு முன்ன கிளம்பி நாலு வீடு முடிச்சு வீடு திரும்புற வரைக்கும் தாகத்தையும் அடக்கி ஒண்ணுக்கையும் அடக்கி வெச்சா கிருமி உள்ளேயே தங்கிப் பெருகத்தான் செய்யும், சுகர் இருந்தா இன்னும் மோசம், கிட்னி வரைக்கும்கூடப் போகலாம்.

ஜிஎச்ல, அதான் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில, வெளிநோயாளிங்களைப் பாக்குற ஓபி காலைல. அந்நேரம் அவங்க உங்க சிங்க் முன்னாடி நிக்கிறாங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு கவர்மெண்ட் திட்டத்துல சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க, பகல்ல வந்தா வீடு பூட்டிதானே இருக்கும்? அதனால மெடிக்கல்ல ரெண்டு நாள் மாத்திரை, எரிச்சல் அடங்கினதும் நிறுத்திடுறது, அரைகுறையா செத்த கிருமி மறுபடி கிளம்புது. அந்த லீவுக்கெல்லாம் சம்பளம் பிடிச்சீங்களான்னு நீங்க எழுதல, நானும் கேக்கல.

என்னைப் பொறுத்தவரைக்கும் நம்ம அடுப்படியில நிக்கிறவங்க நம்ம வீட்டு மனுஷி, பெத்த பொண்ணுக்குச் செய்யுற கடமை அவங்களுக்கும் உண்டு. குடும்பத்துல ஒருத்தின்னு வாயால சொல்லிட்டு பாத்ரூம் கதவை மட்டும் சாத்துற பேச்சு எனக்கு ஆகாது.

சம்பளத்தோட ஒரு நாள் லீவு குடுத்து நீங்களே ஜிஎச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, என்ன கிருமின்னு கண்டுபிடிக்கிற யூரின் கல்ச்சர் டெஸ்ட்டும் சுகரும் பாக்கட்டும், டாக்டர் எத்தனை நாள் எழுதுறாரோ அத்தனை நாளும் மாத்திரை போடணும். கீழ்வீட்டு மேல்வீட்டுக்காரங்ககிட்டயும் பேசுங்க, ஏன்னா உங்க வீட்ல மட்டும் கதவைத் திறந்தா மிச்ச மூணு வீட்ல அவங்க அடக்கிட்டுத்தான் நிக்கணும். அதுக்கெல்லாம் முன்னாடி நாளைக்குக் காலைல வந்ததும் "அக்கா, அந்த பாத்ரூமைப் போக வர யூஸ் பண்ணிக்கோங்க"ன்னு வீட்ல எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க. மாமியார் முகத்தைத் தூக்கி வெச்சா தூக்கி வெச்சுக்கட்டும்.