அண்ணாச்சி பதில்கள்: செம்புழுவை வைத்துச் சாக்கடைத் தண்ணீரைச் சோதிக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் கல்லூரியில் விலங்கியல் படிக்கிறேன். எங்கள் தெருச் சாக்கடை பாளையங்கால்வாயில் போய் விழுகிறது. அந்தத் தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று புழுவை வைத்துப் பார்க்க முடியுமாமே? எந்தப் புழு, எப்படிச் செய்வது?
– மாணவர், பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகச் செய்யலாம் தம்பி. வண்ணமீன் கடையில் மீனுக்குத் தீனியாக விற்கிறார்களே, சிவப்பு நூல் பந்து மாதிரி சுருண்டு கிடக்குமே, அந்த டியூபிஃபெக்ஸ் என்ற செம்புழுதான். மண்புழுவுக்குச் சொந்தம். தலையைச் சேற்றில் புதைத்துச் சேற்றையே தின்றுகொண்டு, வாலைத் தண்ணீரில் ஆட்டி ஆட்டித் தோல் வழியாக மூச்சு விடும். அதனால் விஷம் அடியில் படிந்திருந்தாலும் சரி, தண்ணீரில் கரைந்திருந்தாலும் சரி, அதன் உடம்புக்குத் தப்பாது. மெஷினில் கொடுத்தால் நாம் தேடச் சொன்ன பொருளின் அளவைத்தான் சொல்லும். பத்துச் சரக்கு கலந்த சாக்கடை ஓர் உயிரை என்ன பாடு படுத்துகிறது என்பதை உயிர்தான் காட்டும்.

வாங்கி வந்ததும் நன்றாக அலசி, நாலைந்து நாள் நிழலில் நல்ல தண்ணீரில் வைத்து, செத்ததை எடுத்துவிடு. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒருநாள் திறந்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரினே கொன்றுவிடும், பழி சாக்கடை மேல் விழும். அப்புறம் சாக்கடைத் தண்ணீரை முழுசாக, பாதியாக, காலாக, அரைக்காலாகக் கலந்து கண்ணாடி டம்ளர்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் பத்துப் புழு விடு. வெறும் நல்ல தண்ணீர் டம்ளர் ஒன்று கட்டாயம் வேண்டும், அதிலும் புழு செத்தால் சோதனையே செல்லாது. 96 மணி நேரம் தினமும் எண்ணிப் பார். ஈர்க்கால் மெல்லத் தொட்டும் அசையாவிட்டால் செத்ததாகக் கணக்கு. பாதிப் புழுக்கள் சாகும் அளவைத்தான் எல்.சி. 50 என்பார்கள்.

ஆனால் சாவை மட்டும் எண்ணாதே, அதற்கு முன்னாலேயே புழு நிறையச் சொல்லிவிடும். இன்னொரு டம்ளர் நல்ல தண்ணீரில் மயில்துத்தம் (செம்பு உப்பு, காப்பர் சல்பேட்) துளி கலந்து பார்: இறுகிக் கிடந்த பந்து தளரும், உடம்பு வழவழவென்று சளி கக்கும், சிலது வால் நுனியைத் துண்டு துண்டாக உதிர்க்கும். நேரத்தோடு அதையெல்லாம் எழுதி வை.

தண்ணீர் விஷயத்தில் பலரும் தவறுகிறார்கள். போர்வெல்லின் கடினத் தண்ணீரில் செம்பு, துத்தநாகம், காட்மியம் இவற்றின் கடுமை குறைவாகத் தெரியும், ஏனென்றால் புழுவின் உடம்பில் உலோகம் புக வேண்டிய இடத்தைச் சுண்ணாம்புச் சத்து பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒரு டம்ளருக்கு ஆற்றுத் தண்ணீர், இன்னொன்றுக்கு போர்வெல் என்று கலக்காதே, எல்லாவற்றுக்கும் ஒரே தண்ணீர்தான்.

சேற்றுக்கென்றே உலக அளவில் ஒரு முறை உண்டு. ஓ.ஈ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு 2007-ல் வெளியிட்ட 225-ம் எண் வழிமுறை அது. அதில் லும்பிரிகுலஸ் என்ற புழு. வெட்டினால் ஒவ்வொரு துண்டும் முழுப் புழுவாக வளரும் இனம், அதனால் முதலில் வெட்டி எல்லாவற்றையும் ஒரே வயதுக்குக் கொண்டுவந்து, 28 நாள் சேற்றில் விட்டு, எத்தனை ஆயின, எடை எவ்வளவு என்று பார்ப்பார்கள். உடனே கொல்லாத விஷத்தையும் இதில் பிடிக்க முடியும்.

கையுறை போட்டுக்கொள் தம்பி, கடைப்புழு பெரும்பாலும் கழிவுநீர்ச் சேற்றில் வந்தது. மயில்துத்தத் தண்ணீரைக் கால்வாயில் கொட்டிவிடாதே.

கேள்வி: ஆற்றங்கரையில் சாக்கடை சேரும் இடத்தில் செம்புழு கம்பளம் விரித்த மாதிரி நெளிகிறது. புழுவே பிழைக்கிறது என்றால் அந்தத் தண்ணீர் நல்லதுதானே?
– வாசகி, வண்ணாரப்பேட்டை

பதில்: இல்லை தாயி, நேர் எதிர். மீனும் நண்டும் மூச்சு முட்டி ஓடிய இடத்தில் டியூபிஃபெக்ஸ் தாக்குப் பிடிக்கும். அதன் ரத்தத்தில் இருக்கும் சிவப்புச் சத்து, கொஞ்சமாக இருக்கும் ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். அந்தக் கம்பளம் கழிவு மிகுந்துவிட்டதற்கு அடையாளம். பக்கத்தில் காலை வைத்தால் புழு சட்டென்று உடம்பைச் சேற்றுக்குள் இழுத்துக்கொள்ளும், பார்த்திருப்பீர்கள். தாமிரபரணிதான் நாம் குடிப்பது, அந்த இடத்தில் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். அந்தப் புழுவையே சாக்கடை சேரும் இடத்துக்கு மேலே, கழிவு குறைந்த ஆற்றுத் தண்ணீரில் விட்டு, இந்தத் தண்ணீரில் விட்டதோடு ஒப்பிட்டால்தான் விஷத்தைப் பற்றித் தெரியும்.

கேள்வி: மாடித் தொட்டியில் நெளியும் சிவப்புப் புழுவும் இதுதானா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பெரும்பாலும் அது வேறு. கொசு மாதிரி இருக்கும், கடிக்காத பூச்சியின் இளம்புழு. தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கி, காற்றுக் குழாயின் வாயில் நைலான் வலை கட்டுங்கள்.